கேள்வி கேட்டால் வகுப்பு வாய் திறப்பதில்லை, என்ன செய்வது?

வாசகர் கேள்வி, 17.07.2024

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இந்த ஜூன் மாதம் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பாடம் தொடர்பியல், அதாவது கம்யூனிகேஷன். வகுப்பில் 58 பேர். நடத்துவதைக் கவனிக்கிறார்கள், குறிப்பு எடுக்கிறார்கள். கேள்வி கேட்டால் மட்டும் அத்தனை தலையும் குனிந்துவிடுகிறது. "இந்தப் பிள்ளைகளுக்குக் கம்யூனிகேஷனே கிடையாது தம்பி, நோட்ஸைக் கொடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள் ஸ்டாப் ரூமில். தொடர்பியல் பாடத்தையே இப்படியா நடத்துவது? இந்தப் பாடத்தை இருபது வருடத்துக்கு மேல் நடத்துகிற அக்கா பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

17.07.2024, இரவு 10.40

தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்குப் போனில் ஆடியோ பதிவைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பாடம் நடத்துங்கள். வீட்டுக்கு வந்து கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நீங்கள் எத்தனை வினாடி பேசாமல் இருந்தீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள்.

நான் 2008 வாக்கில் அப்படிப் பதிவு செய்தேன். ஒரு பீரியடில் முப்பதுக்கு மேல் கேள்வி கேட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் "புரிஞ்சுதா?", "ஓகேவா?" என்பவை. அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? மீதிக் கேள்விகளுக்கு நானே மூச்சு விடாமல் பதிலும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் பேசவில்லையே என்று வருடக்கணக்கில் வருத்தப்பட்டிருக்கிறேன். பதிவைக் கேட்டால் அவர்கள் பேச நான் இடமே விடவில்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் இதை அளந்து எழுதினார். பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளில், கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருந்த நேரம் சராசரியாக 1 வினாடிதான். அதை 3 வினாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன. "தெரியாது" குறைந்தது. தாங்களாகப் பேச வந்த பிள்ளைகள் கூடினார்கள், பிள்ளைகளே கேள்வியும் கேட்டார்கள். அவர் கண்டதில் என்னை உறுத்தியது வேறொன்று. நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் நேரம் கூடுதலாகவும், மற்றவர்களுக்குக் குறைவாகவும் கிடைத்தது. யாருக்கு நேரம் அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவு. என் பதிவிலும் அதேதான். முன் பெஞ்சுக்குக் காத்திருந்தேன், ஜன்னல் பக்கத்துக்குக் காத்திருக்கவில்லை.

18.07.2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 3 வினாடி நமக்குப் போதாது. ரோ பார்த்த பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் பேசும் மொழியிலேயே பாடமும் கேட்டவர்கள். நம் பிள்ளை கேள்வியை இங்கிலீஷில் காதில் வாங்குகிறது. வீட்டுத் தமிழில் யோசிக்கிறது. பிறகு அதை இங்கிலீஷுக்கோ, "மேடையில் பேசுகிற" தமிழுக்கோ மாற்றுகிறது. பேச்சுக்கு ஒரு வடிவம், எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வடிவம் என்று ஒரே மொழி இரண்டாக நிற்பதைப் பற்றி சார்லஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் எழுதினார். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஆகிய நான்கையும் அவர் விரிவாக எடுத்துக்கொண்டார். தமிழும் அந்த இனம்தான் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதல் வாரம் அந்தப் பத்து வினாடி தாங்கவே முடியாது. தாங்குங்கள்.

21.07.2024

தேனியிலிருந்து ஒரு வாசகர், "தமிழில் நடத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதியிருக்கிறார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். யாருடைய தமிழ் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வருடம் வானொலிச் செய்தி வாசிக்கும் பயிற்சி கொடுத்தேன். செக்கானூரணிப் பக்கத்துப் பையன் ஒருவன், எழுதி வந்த தாளை மூடி வைத்துவிட்டு, சொந்தமாகவே சொல்லத் தொடங்கினான். விபத்துச் செய்தி. "ரெண்டு பேரு பைக்ல வந்தாய்ங்க" என்றான். "வந்தார்கள்" என்று நான் நடுவில் புகுந்து திருத்தினேன். வகுப்பு சிரித்தது. அவன் தாளைத் திறந்து மிச்சத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்தான். அந்த செமஸ்டர் முழுக்கத் தாளைத் தவிர வேறு எதையும் பார்த்து அவன் பேசவே இல்லை. செய்திக்கு "வந்தார்கள்"தான் சரி, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் முறையாகத் தாளை மூடியவனை முடிக்க விட்டிருக்க வேண்டும்.

மகால் பகுதியிலிருந்தும் காமராஜர் சாலையிலிருந்தும் வரும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம். பள்ளியில் தமிழ், இங்கே இங்கிலீஷ். "தாய்மொழியில் சொல்லுங்க" என்று நான் தாராளமாகச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "மேம், எங்க பாஷைல சொன்னா உங்களுக்குப் புரியாதே" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். சரி, சொல்லு, அப்புறம் எங்களுக்கு விளக்கு என்றேன். இரண்டு நிமிடம் பேசினாள். ஒரே பெஞ்சில் இரண்டு வருடம் உட்கார்ந்த தோழிகள் அந்த மொழியை அன்றுதான் முதல் முறையாக முழுசாகக் கேட்டார்கள்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்த ஒரு மாணவர் "நான் கொஞ்சம் கதைக்கலாமா?" என்று கேட்டபோது பிள்ளைகள் கதை சொல்லப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் தமிழில் கதைப்பது என்றால் பேசுவது. அவர் பாடத்தில் சந்தேகம் கேட்டார். கடைசியில் நாங்கள் அவரிடம் கதையும் கேட்டு வாங்கினோம்.

22.07.2024

இன்னொரு வாசகர், "பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான், வார்த்தை 7 சதவீதம்தான், அதனால் மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்கிறார். அன்பாகச் சொல்கிறேன், இதை விட்டுவிடுங்கள். பிளேஸ்மென்ட் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இதைத் திரையில் போடுகிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த இரண்டு சிறிய சோதனைகளிலிருந்து வந்த எண்கள் இவை. தனிச் சொல்லை வெவ்வேறு குரலில் சொல்லிக் கேட்கவைத்தார். ஒன்றில் முகங்களின் படங்களையும் சேர்த்துக் காட்டினார். சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி. உணர்வைப் பற்றிய பேச்சுக்கு வெளியே இதைக் கொண்டுபோகக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வார்த்தை 7 சதவீதம்தான் என்றால் தெரியாத மொழியில் நடக்கும் வகுப்பு 93 சதவீதம் புரிந்திருக்க வேண்டும். வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய் "வார்த்தை முக்கியமில்லை" என்று சொல்ல எனக்கு மனது வராது.

11.08.2024

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நேற்று முன்தினம், 9ஆம் தேதி, பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் தொடங்கியிருக்கிறார்கள். என் வகுப்பில் இரண்டு நாளாக இதே பேச்சு. பஸ்ஸுக்கு, ஜெராக்ஸுக்கு, சாப்பாட்டுக்கு என்று அந்த ஆயிரம் கரைவதைப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இதை ஏன் இந்த இழையில் எழுதுகிறேன் என்றால், உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்குப்படி நாடு முழுக்க 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் நம் வகுப்பில் ஓரமாக இருக்கும் சிலர் என்று இன்னும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல கல்லூரிகளில் அவர்கள்தான் வகுப்பே.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி. முதல் பீரியடுக்குத் தினமும் பத்து நிமிடம் தாமதம். உட்கார்ந்ததும் கண் சொக்கும். இரண்டு முறை வெளியே நிற்க வைத்தேன். மூன்றாம் முறை அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் பச்சைக் கறை. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும். நாலு மணிக்கு அம்மாவோடு தோட்டத்தில் இறங்கிவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்துக் கிளம்பி, பஸ் பிடித்து வருகிறாள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி நானே வகுப்பில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பூவைப் பறித்த பெண் அப்போது வராண்டாவில் நின்றாள்.

அதற்குப் பிறகு முதல் பீரியடின் முதல் கால் மணி நேரத்தைப் பழைய பாடத்தைத் திரும்பப் பேச வைத்துக்கொண்டேன். தாமதமாக வருகிறவர்கள் சத்தமில்லாமல் வந்து உட்காரலாம், எதையும் இழக்க மாட்டார்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீத விதியை நான் மாற்ற முடியாது. எந்த நிமிடத்தில் பேரைக் கூப்பிடுகிறேன் என்பது என் கையில் இருக்கிறது.

12.08.2024

அவளிடம் நான் காரணம் கேட்டதே இல்லை, கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பது இன்று மறுபடி படிக்கும்போது உறைக்கிறது.

05.09.2024

ஆசிரியர் தினம். காலையிலிருந்து வாழ்த்துகள். அதனால் நான் ஒரு பிள்ளையைப் புண்படுத்தியதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு மாணவன் நல்ல கட்டுரை எழுதியிருந்தான். சந்தோஷம் தாங்காமல் வகுப்பு முன்னால் நிற்க வைத்து, "இவங்க வீட்டுல இவன்தான் முதல் பட்டதாரி ஆகப் போறான், அப்பா கொத்து வேலைக்குப் போறாரு, பாருங்க எப்படி எழுதியிருக்கான்" என்றேன். கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவன் வரவில்லை. பிறகு வந்து என் மேசைக்கு முன் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மேம், கட்டுரையைப் பத்தி மட்டும் சொல்லியிருக்கலாம்." முதல் பட்டதாரிச் சான்றிதழை ஆபீசில் கொடுத்திருந்தான். அந்தத் தகவல் ஆபீசுக்குச் சொந்தம். நான் அதை எடுத்து வகுப்பில் விரித்துவிட்டேன். பாராட்டும்போதுதான் நாம் இப்படி எல்லை தாண்டுகிறோம், திட்டும்போது கொஞ்சம் கவனமாக இருக்கிறோம். இப்போதெல்லாம் எழுத்தைப் பற்றிய பாராட்டை எழுத்தின் ஓரத்திலேயே எழுதுகிறேன். வகுப்பில் வாசிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வாசிக்கிறேன்.

14.09.2024

"கம்யூனிகேஷனே கிடையாது" என்ற அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1960களில் நியூயார்க்கில் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சை ஆராய்ந்தார். எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. இவனுக்கு மொழியே இல்லை என்று எழுதிவிடலாம். அடுத்த முறை, பேட்டி எடுத்தவர் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனார். பையனின் நெருங்கிய நண்பனையும் கூட்டிவந்து தரையில் உட்கார்ந்தார். அதே பையன், அதே பேட்டியாளர். இரண்டு சிறுவர்களும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள்.

நான் இதைச் சோதனை என்று நினைத்துச் செய்யவில்லை, தானாக நடந்தது. செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1948இல் சொன்ன மாதிரியைக் கரும்பலகையில் வரைந்தேன்: அனுப்புநர், வழித்தடம், இரைச்சல், பெறுநர். எதிர்வினையே இல்லை. மதியம் கேன்டீன் படிக்கட்டில் பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தபோது, பின் பெஞ்சுக்காரன் ஒருவன் வந்து, "மேம், மாட்டுச் சந்தையில விலை வாயால சொல்ல மாட்டாங்க" என்றான். அவன் தாத்தா மாட்டுத் தரகர். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது பேசுகிற இருவருக்கும் தெரியும். சுற்றி இருபது பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. "உங்க படத்துல இரைச்சல் வெளியிலேருந்து உள்ள வருது. இதுல உள்ள இருக்கிறது வெளியில போகாம இருக்கத்தானே துண்டு?" என்று கேட்டான்.

ஷானன் 1949இல் ரகசியச் செய்திகளைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதியவர். பேரன் தாத்தாவின் துண்டிலிருந்து நேராக அங்கே போய் நின்றான். மறுநாள் வகுப்பில் இரண்டு பேர் துண்டுக்குள் பேரம் பேசிக் காட்டினார்கள். அந்த வருடம் அந்தப் பாடத்தில் யாருக்கும் நோட்ஸ் தேவைப்படவில்லை.

15.09.2024

மேலே சொன்னதை, கேன்டீனில் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று படித்துவிடக் கூடாது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் பயம் வருவதில்லை. ஜேம்ஸ் மெக்ராஸ்கி என்ற அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர் 1970இலிருந்து தொடர்பு அச்சம், அதாவது மற்றவர்களோடு பேச வேண்டியிருக்கும்போது வரும் பயம் பற்றி எழுதியவர். அவருடைய அளவுகோலில் 24 கூற்றுகள். சிறு குழு, கூட்டம், இருவர் பேச்சு, மேடை என்று நான்கு சூழலுக்கு ஆறாறு. அதைத் தமிழாக்கி வகுப்பில் கொடுத்தேன். முதல் முறை தப்பாகிவிட்டது. "குழு விவாதம்" என்று எழுதியிருந்தேன். பிள்ளைகள் அதைக் கம்பெனித் தேர்வில் வரும் ஜி.டி. என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் பயம் என்று போட்டுவிட்டார்கள். "நாலு பேர் கூடிப் பேசும்போது" என்று மாற்றி எழுதிய பிறகு வேறு படம் வந்தது.

ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிற ஒரு மாணவனுக்கு மேடை அச்சம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து நேராகக் கேட்டால் தொண்டை அடைத்துவிடும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வருடா வருடம் அவனுக்குக் குறைந்த மதிப்பெண். அதே வகுப்பில் இன்னொரு மாணவி, தனியாகக் கேட்டால் அருமையாகப் பேசுவாள், மேடை என்றால் காய்ச்சலே வந்துவிடும். இரண்டு பேரையும் "ஷை டைப்" என்று ஒரே சொல்லால் நான் குறித்து வைத்திருந்தேன்.

பேசாமல் இருப்பதெல்லாம் பயம் என்று எடுத்துக்கொள்வதும் தப்புத்தான். பல்கலைக்கழகத்தில் நான் எம்.ஏ. படித்தபோது இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. பதில் தெரியும். ஆசிரியர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் எதிர்த்துப் பேசுவது. பெண் பிள்ளை பேசினால் வாயாடி. எனவே இப்போது முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்: "நான் சொன்னது தப்புன்னு தோணினா, 'மேம், எனக்கு வேற மாதிரி தோணுது'ன்னு ஆரம்பிங்க." வாக்கியத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடுகிறது.

28.09.2024

கேள்வி கேட்ட தம்பி பதில் போட்டிருக்கிறார். பத்து எண்ணினாராம். எட்டாவது வினாடியில் ஜன்னல் பக்கமிருந்து ஒரு கை எழுந்ததாம். "சார், கேள்வியைத் திரும்பச் சொல்லுங்க" என்றதாம் அந்தப் பிள்ளை. ஏமாற்றமாக இருந்தது என்கிறார். தம்பி, அது பெரிய விஷயம். ஜூலையில் அந்தக் கை எழவே இல்லையே!

27.10.2024

வெள்ளிக்கிழமை பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் அசைன்மென்ட் தாள்கள் நனைந்துவிட்டன. தேதியைத் தள்ளி வைத்திருக்கிறேன். புத்தகம் நனைந்தவர்களுக்கு என் பிரதியைக் கொடுத்துவிட்டேன். இந்த வாரம் வேறெதுவும் எழுத முடியவில்லை.

09.11.2024

பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார், எப்படி நடத்துவது என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் தருகிறது. இடம் கிடைத்த பிறகு வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பது நம்மிடம்தான் இருக்கிறது.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு கேள்வி. விளம்பரப் படத்தைத் திரையில் போட்டு, "இதுக்கும் இதுக்கும் உள்ள உறவைப் பாருங்க, இதனாலதான் கண்ணு முதல்ல இங்க போகுது" என்று நடத்திக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் இருந்த பார்வையற்ற மாணவர் கை தூக்கினார். "மேம், 'இது'ன்னா எது?"

படத்தை வார்த்தையில் சொல்லத் தொடங்கினேன். இடது மேல் மூலையில் மஞ்சள் வெளிச்சம், நடுவில் ஒரு பெண்ணின் கை, கையில் டம்ளர், முகம் படத்தில் இல்லை. "முகம் ஏன் இல்லை?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். அந்தப் படத்தை ஐந்து வருடமாகக் காட்டுகிறேன், அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கண் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டதாக நினைத்துக் கடந்துபோயிருந்தோம். அதற்குப் பிறகு படத்தை முதலில் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விட்டதைச் சேர்க்க வேண்டும், அப்புறம்தான் அலசல். அவர் படித்து முடித்துப் போன பிறகும் அதை நிறுத்தவில்லை.

காது கேளாத மாணவருக்கு இது உதவாது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாதீர்கள், உங்கள் உதடு அவருக்குத் தெரிய வேண்டும். கேள்வியை எழுதிப் போட்டுவிட்டுக் கேளுங்கள். சைகை மொழி தெரிந்த ஒருவரைக் கல்லூரியிடம் கேட்டுப் போராடித்தான் பெற வேண்டியிருக்கும். கேளுங்கள்.

24.11.2024

ஜூலை 21 பதிவுக்கு நான் எழுத வேண்டிய பெரிய திருத்தம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு நாள் எழுதத் தைரியம் வரவில்லை.

செமினாரைத் தமிழில் கொடுக்கலாம் என்று நான் முதலில் அனுமதித்த வருடங்களில், பேரையூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் பிரமாதமாகத் தமிழில் பேசினான். நாலு செமஸ்டரும் தமிழில்தான். எனக்கு அவனைப் பற்றி அவ்வளவு பெருமை. கடைசி நாள் விடைபெற வந்தவன் சொன்னான்: "மேம், ரெண்டு வருசமும் என்னையத் தமிழ்லயே பேச விட்டீங்க. நல்லா இருந்துச்சு. வெளிய இன்டர்வியூவுல யாரும் விட மாட்டாங்க. கான்வென்ட்ல படிச்ச பிள்ளைகளை இங்கிலீஷ்ல பேசச் சொன்னீங்க. எனக்கு எது வேணும்னு நீங்க ஒரு தடவகூட கேக்கலையே மேம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனுக்கு எது சுலபம் என்று பார்த்தேன், எது வேண்டும் என்று பார்க்கவில்லை. சிரமப்படக்கூடாதே என்ற அன்பில், ஏற்கெனவே இங்கிலீஷ் இருந்தவர்களுக்கு மேலும் இங்கிலீஷ் கொடுத்திருக்கிறேன். வந்ததே அதற்காக என்று இருந்தவனுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

அதிலிருந்து செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறேன். எந்த மொழியில் கேட்டால் புரிகிறது, எதில் பேச வருகிறது, எதில் எழுத வருகிறது, எதைக் கற்றுக்கொள்ள ஆசை. நாலும் நாலு விதமாக வரும். தமிழ் வழியில் படித்தவர்களில் பலர் நாலாவதில் இங்கிலீஷ் என்று எழுதுகிறார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த சிலர் அதே இடத்தில் தமிழ் என்று எழுதுகிறார்கள், தப்பில்லாமல் ஒரு பத்தி தமிழ் எழுத வரவில்லை என்ற வருத்தத்தோடு.

வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990களில், ஒரு மொழியில் கேட்டுப் படித்ததை இன்னொரு மொழியில் பேச வைக்கும் முறையைப் பற்றி எழுதினார். வெல்ஷும் இங்கிலீஷும் அங்கே. நான் செய்வது இப்படி: முதலில் மூன்று பேர் கூடி விஷயத்தைத் தங்களுக்கு வருகிற தமிழில், "வந்தாய்ங்க" உட்பட, பேசித் தீர்க்கிறார்கள். விஷயம் கைக்குள் வந்த பிறகு அதே மூன்று நிமிடத்தை இங்கிலீஷில் சொல்கிறார்கள். மறுநாள் இன்னொரு மூவர் குழுவிடம் அதையே திரும்பச் சொல்கிறார்கள். பேசி முடிக்கும்வரை யாரும் திருத்தக் கூடாது. முடிந்தபின் இரண்டே திருத்தம், அதற்கு மேல் இல்லை. மூன்றாவது முறை சொல்லும்போது வாக்கியம் தானாக நேராகிறது. என் முறை இது, எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

அந்த மாணவன் இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் இருக்கிறான். இங்கிலீஷை அவனே கற்றுக்கொண்டான். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

19.01.2025

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஜல்லிக்கட்டும் முடிந்து பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் குரல் கட்டியிருக்கிறது. வாடிவாசல் வர்ணனையை ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். மாடு வெளியே வந்து போகிற சில நொடிக்குள் ஊர், மாட்டுக்காரர், பரிசு என்ன என்று எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். எது முதலில், எது கடைசியில் என்று வரிசையைப் பிரித்து ஒரு பீரியட் முழுக்கப் பேசினோம். அந்த மைக் மாணவன்தான் அன்று வகுப்பை நடத்தினான். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

16.02.2025

"இதெல்லாம் சரி, தரம் குறைந்துவிடாதா?" என்று சீனியர்கள் கேட்பதாகத் தம்பி எழுதியிருக்கிறார். எதை அளக்கிறோம் என்று காட்டிவிடுங்கள். என் செமினாருக்கு 20 மதிப்பெண். கருத்தைப் புத்தக வரி இல்லாமல் சொந்த வார்த்தையில் சொன்னதற்கு 6. தன் ஊரிலிருந்து ஓர் உதாரணம் கண்டுபிடித்து, அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று காட்டியதற்கு 5. மற்றவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னதற்கும், மற்றவர்களைக் கேட்டதற்கும் சேர்த்து 5. எங்கே படித்தது என்று சொன்னதற்கு 2, நேரத்துக்குள் முடித்ததற்கு 2. மேடைக்குப் பதிலாக நாலு பேருக்கு முன்னால் செய்கிறேன் என்று கேட்டால் செய்யலாம், அளவுகோல் அதேதான். நோட்ஸை ஒப்பித்தால் இதில் பாதிகூட வராது. பழைய முறையில் 18 வாங்கிய சிலருக்கு முதல் தடவை இதில் 9 வந்தது. அழுதார்கள். உட்கார்ந்து பேசினோம். இரண்டாவது செமினாரில் ஏறிவிட்டார்கள்.

அந்தத் தாள் யாருக்காவது வேண்டும் என்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். தட்டச்சு செய்தது இந்த வருட மாணவி ஒருத்தி. "மற்றவர்களைக் கேட்டார்" என்ற வரியை நான் கடைசியில் வைத்திருந்தேன். அவள்தான் அதை முதல் வரியாக ஏற்றிவிட்டு, "மேம், இப்படி இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டாள்.